வாகனப் பக்கம் – வாசகர் கேள்வி பதில்: அதிவேக நெடுஞ்சாலையில் அதிரும் டபுள் கெப்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் மொத்த வியாபாரம் செய்கிறேன். நான்கு சக்கர இயக்கமும் மெனுவல் கியரும் கொண்ட டபுள் கெப் வைத்திருக்கிறேன். நகருக்குள் எந்தக் குறையும் தெரிவதில்லை. தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி 85 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும் ஆசனமும் தரையும் அதிரத் தொடங்குகின்றன. ஸ்டியரிங்கில் அவ்வளவாகத் தெரியவில்லை. டயர்களைப் பலமுறை பலன்ஸ் செய்தும், எலைன்மன்ட் பார்த்தும் பயனில்லை. பின் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு இயக்கத்தைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பழுதாகிவிட்டது, பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று வாங்கி மாற்றிவிடலாம் என்று கராஜில் சொல்கிறார்கள். கடந்த வருடம் கிளச் பிளேட் மாற்றினேன். பாரம் ஏற்றுவதற்காகப் பின் ஸ்பிரிங்கில் ஒரு தகடும் சேர்த்தேன். டிஃபரன்ஷியலை மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். நீங்கள் கடைசியில் குறிப்பிட்டிருக்கும் அந்த இரண்டு வேலைகளும்தாம் என் பார்வையில் முக்கியமான தடயங்கள். கிளச்சைத் தொட வேண்டுமானால் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும். கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டுமானால், அதிலிருந்து பின் டிஃபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் ப்ரொப்பெலர் ஷாஃப்டை இறக்கியே ஆக வேண்டும். இறக்கிய ஷாஃப்ட் பழைய நிலையிலேயே திரும்பவும் பூட்டப்பட்டதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பழைய பில்களை எடுத்துத் திகதிகளைப் பார்த்து, அதிர்வு எந்த வேலைக்குப் பிறகு தொடங்கியது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, அதிர்வு எதனோடு சேர்ந்து சுழல்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். காலையில் வாகன நெரிசல் இல்லாத நேரத்தில் கொட்டாவையில் ஏறி, கெலனிகமவில் இறங்கும் தூரம் இதற்குப் போதும். 90 கிலோமீற்றர் வேகத்தில் அதிர்வு தெளிவாக இருக்கும்போது, பின்னால் வாகனம் எதுவும் நெருங்கி வரவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளச்சை முழுவதும் மிதித்து, கியரை நியூட்ரலில் விடுங்கள். எஞ்சின் சுற்று இறங்கிய பின்பும் அதிர்வு அப்படியே நீடித்தால் எஞ்சின், ஃபிளைவீல், கிளச் மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். புதிதாகப் போட்ட கிளச் பாகங்களில் பலன்ஸ் குறை இருந்தால், அப்போது அதிர்வு தணிந்து காட்டும். எஞ்சினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்தினால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் உதவியும் குறைந்துவிடும்.

அதிர்வின் துடிப்பும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 265/65 ஆர்17 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.4 மீற்றர். 90 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் செக்கனுக்கு 25 மீற்றர் செல்வதால், டயர் செக்கனுக்குப் பத்து முறையளவில் சுழலும். டிஃபரன்ஷியல் விகிதம் 3.9 (டயரின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்டின் 3.9 சுற்றுகள்) என்று கொண்டால் ப்ரொப்பெலர் ஷாஃப்ட் அதே நேரத்தில் நாற்பது முறையளவில் சுழலும். ஷாஃப்டைக் கோணத்தில் சுழலவிடும் மூட்டான யூ ஜொயின்டின் கோணக் கோளாறு ஒரு சுற்றுக்கு இருமுறை தட்டுவதால் எண்பதை எட்டும். டயரின் குறை உடம்பைக் குலுக்கும். ஷாஃப்டின் குறை தரையில் ரீங்காரம்போல் உணரப்படும். பக்கத்தில் இருப்பவரின் கைத்தொலைபேசியில் அதிர்வெண் அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, தொலைபேசியைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தால் பத்தா, நாற்பதா, எண்பதா என்பது தெரிந்துவிடும். பத்து என்று காட்டினால், பலன்ஸ் சரியாக இருக்கும் டயரும் உள்ளே பட்டி பிரிந்தோ வட்டம் பிசகியோ இருக்கலாம் என்பதால், நல்ல டயர் ஜோடி ஒன்றை இரவல் வாங்கிப் பின்னால் பூட்டி ஓடிப் பாருங்கள். சாதாரண பலன்ஸ் இயந்திரம் அந்தக் குறையைக் காட்டாது.

நாற்பது அல்லது எண்பது என்று காட்டினால் வாகனத்தைக் குழிக்கு மேல் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் விட்டுக் கீழே இறங்குங்கள். யூ ஜொயின்டின் நான்கு மூடிகளையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். மூடியின் விளிம்பில் தூளைப்போல் செந்நிறத் துரு படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பெயாரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஷாஃப்டைக் கையால் பிடித்து இருபுறமும் முறுக்கி, ஜொயின்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டம் இருந்தால் அதை மாற்றும்வரை அதிவேக நெடுஞ்சாலைப் பக்கம் போக வேண்டாம். ஓடும்போது ஷாஃப்ட் கழன்று விழுவது உயிருக்கே ஆபத்தானது. ஷாஃப்டின் நடுவில் உள்ள சென்டர் பெயாரிங்கைத் தாங்கும் இறப்பர் வெடித்திருக்கிறதா, குழாயில் நெளிவு இருக்கிறதா, ஒட்டப்பட்ட பலன்ஸ் எடை விழுந்த தடம் இருக்கிறதா என்பவற்றையும் கவனியுங்கள்.

இனி மிக முக்கியமான இடத்துக்கு வருவோம். யூ ஜொயின்ட் கோணத்தில் சுழலும்போது, ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்குள் இருமுறை வேகம் கூடிக் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை அடுத்த ஜொயின்ட் ஈடுசெய்ய வேண்டுமானால், இரண்டின் கோணமும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். அவற்றின் கவைகளும் (மூட்டைப் பிடிக்கும் இருமுனைக் கைகள்) உற்பத்தியாளர் வைத்த ஒழுங்கிலேயே நிற்க வேண்டும். ஷாஃப்டின் நடுவே பற்களுடன் வழுகும் இணைப்பு இருக்கிறது. அடையாளம் இடாமல் அதைப் பிரித்துச் சில பற்கள் தள்ளிப் பூட்டினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். பழைய அடையாளக் கோடுகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று சேறு துடைத்துப் பாருங்கள். கோடுகளே இல்லையென்றால், உங்கள் வாகனத்துக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டில் கவைகளின் நிலை எப்படிக் காட்டப்பட்டிருக்கிறதோ அப்படிப் பூட்டச் சொல்லுங்கள். டிஃபரன்ஷியல் பக்கத்து பிளேஞ்சின் (ஷாஃப்டைப் பூட்டும் தட்டு) போல்ட்களைக் கழற்றி, ஷாஃப்டை அரைச் சுற்றுத் திருப்பிப் பூட்டுவதாலும் சில வேளைகளில் அதிர்வு வெகுவாகக் குறைவதுண்டு. அப்போதும் தீராவிட்டால் ஷாஃப்டை முழுதாகப் பலன்ஸ் இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

நீங்கள் சேர்த்த ஸ்பிரிங் தகடு பின்பக்கத்தை உயர்த்தி ஷாஃப்டின் கோணத்தை மாற்றியிருக்கலாம்; அதன் விளைவை அறிய எளிய வழி இருக்கிறது. வெறும் வாகனமாக ஒருமுறையும் வழக்கமான பாரத்தோடு ஒருமுறையும் அதே வேகத்தில் ஓடுங்கள். பாரம் ஏற்றியதும் அதிர்வு தெளிவாக மாறினால் ஷாஃப்ட் கோணமே காரணமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம்; ஷாஃப்டின் பலன்ஸ் குறை பாரத்தால் அவ்வளவு மாறுவதில்லை. நெடுஞ்சாலை வேகத்துக்கு ஜொயின்டின் கோணம் 3 பாகைக்குள்ளும், இரண்டு ஜொயின்ட்களின் வித்தியாசம் 1 பாகைக்குள்ளும் இருப்பது நல்லது. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்து இதைத் திருத்தலாம்.

முன் சக்கரங்களை இயக்கும் முன் ஷாஃப்டையும் மறந்துவிடக் கூடாது. உங்களுடையது பகுதிநேர நான்கு சக்கர இயக்கமாக இருந்து, முன் ஷாஃப்ட் இருபுறமும் பிளேஞ்சில் போல்ட் செய்யப்பட்டிருந்தால், அதைக் கழற்றி வைத்துவிட்டு 2எச் நிலையில் (பின் சக்கரங்கள் மட்டும் இயங்கும் நிலை) ஓடிப் பாருங்கள். அதிர்வு மறைந்தால் குறை முன்பக்கத்தில்.

இவை எல்லாவற்றிலும் டிஃபரன்ஷியல் மீதே சந்தேகம் மிஞ்சினால் மட்டும், பின் ஷாஃப்டைக் கழற்றிய நிலையில் அதன் பிளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கராஜ்காரர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும், பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பல் எண்ணிக்கையை எண்ணி, விகிதம் முன் டிஃபரன்ஷியலோடு ஒத்திருக்கிறதா என்று உறுதிசெய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். விகிதம் வேறுபட்ட ஒன்றைப் பூட்டிவிட்டு 4எச் (நான்கு சக்கர நிலை) போட்டால், முன், பின் ஷாஃப்ட்களுக்கு இயக்கத்தைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸே உடைந்துபோகலாம்.

கேள்வி: என்னுடைய கெப் ஒட்டோ கியர். வத்தளையிலிருந்து நீர்கொழும்பு நோக்கிப் போகும்போது, 65 முதல் 75 கிலோமீற்றர் வேகத்தில் எக்ஸலேட்டரை இலேசாக மிதித்திருக்கையில், சொரசொரப்பான தரையில் ஓடுவதுபோல் சில செக்கன்கள் நடுங்கி நின்றுவிடுகிறது. இதுவும் ஷாஃப்ட் கோளாறா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஷாஃப்ட் குறை அதற்குரிய வேகம் இருக்கும்வரை நீடிக்கும், வந்து மறையாது. ஒட்டோ கியரில் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் எண்ணெய் மூலம் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டரின் லொக்கப் கிளச் (இரண்டையும் நேரடியாகப் பூட்டும் பாகம்) வழுகுவதன் அறிகுறியாகவே இது தோன்றுகிறது. பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், நடுங்கும் வேளையில் எக்ஸலேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் இடது காலால் பெடலைத் தொடுங்கள். லொக்கப் விடுபட்டு நடுக்கம் உடனே அடங்கினால் சந்தேகம் உறுதியாகிவிடும். முதலில் உற்பத்தியாளர் குறிப்பிட்ட ரக கியர் எண்ணெயைக் கொண்டு முழுமையாக மாற்றி, அளவைக் கையேடு சொல்லும் வெப்பநிலையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல வாகனங்களில் அதோடு தீர்ந்துவிடும். அதைச் செய்து பார்க்காமல் கியர்பொக்ஸை மாற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம்.