கிண்ணமும் வண்டியும்

அன்புள்ள சார்,

எம்.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை (1618–1648) எடுத்திருக்கிறேன். கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் நடந்த மதப்போர் என்றுதான் இதுவரை படித்தேன். ஆனால் 1631-ல் பேர்வால்டே ஒப்பந்தப்படி, ரிஷெல்யூ என்ற கர்தினால் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர்பதவிக் குரு) தலைமை அமைச்சராக இருந்த பிரான்ஸ், லூத்தரன், அதாவது புராட்டஸ்டன்டு நாடான ஸ்வீடனுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் தாலர் (வெள்ளி நாணயம்) தர ஒப்புக்கொண்டது. அப்படியானால் மதம் வெறும் முகமூடிதானே? போரை மாற்றியது துப்பாக்கியும் கோட்டையும் வரியும்தான் என்று எழுதிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எழுதிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் என்ற கத்தோலிக்க வம்சம் பிரான்ஸை இருபுறமும் நெருக்கிக்கொண்டிருந்தது. ரிஷெல்யூவின் கவலை அது. ஆனால் அதே ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஸ்வீடன் படை பிடிக்கும் இடங்களில் கத்தோலிக்க வழிபாடு நடந்துவந்தால் அதில் கைவைக்கக் கூடாது. மதம் வெறும் முகமூடி என்றால் இந்த வரிக்கு அங்கே என்ன வேலை? அப்புறம், பணம் கொடுத்தவரை மட்டும் பார்த்தால் போதாது, களத்தில் நின்றவரையும் பார்க்க வேண்டும். அதற்கு 200 ஆண்டு பின்னால் போகச் சொல்வேன், உங்கள் போர் தொடங்கிய அதே பொஹீமியாவுக்கு, இன்றைய செக் நாட்டுக்கு.

1415 ஜூலை 6 அன்று, கான்ஸ்டன்ஸ் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் தீர்ப்புப்படி, திருச்சபையின் குறைகளைக் கண்டித்த யான் ஹுஸ் என்ற செக் குருவானவரை உயிரோடு எரித்தார்கள். பாதுகாப்புக் கடிதம் கொடுத்து அவரை அங்கே வரவழைத்தவர் ஜெர்மன் மன்னர் சிகிஸ்முண்ட். அந்தத் துரோகத்தைச் செக் மக்கள் மறக்கவில்லை. அன்று நற்கருணையில் பொதுமக்களுக்கு அப்பம் மட்டும்தான், திராட்சை ரசம் குருமாருக்கு. கிண்ணம் எங்களுக்கும் வேண்டும் என்பது ஹுஸ் வழி வந்தவர்களின் முதன்மையான கோரிக்கை ஆயிற்று. அதே சிகிஸ்முண்ட் பொஹீமிய அரியணைக்கு உரிமை கோரினார். 1420-ல் போப் ஐந்தாம் மார்ட்டின் ஹுஸ் வழியினர்மேல் சிலுவைப்போர் அறிவித்தார்.

எதிரே வருவது கவசம் பூண்ட குதிரைப்படை. இவர்களிடம் இருந்ததோ பெரும்பாலும் விவசாயிகள், கைவினைஞர்கள். யான் ஜிஷ்கா என்ற ஒற்றைக்கண் தளபதி கையில் இருந்ததை வைத்து ஒரு வழி கண்டார். பண்ணை வண்டிகளுக்குப் பலகை அடித்து, சக்கரத்தோடு சக்கரம் சங்கிலியால் பிணைத்து, நகரும் கோட்டை ஆக்கினார். வண்டிக்குச் சுமார் 20 பேர். குறுக்குவில் ஏந்தியவர்கள், கைத்துப்பாக்கி பிடித்தவர்கள், ஈட்டிக்காரர்கள், கதிரடிக்கும் தடியின் முனையில் இரும்பு முள் பதித்து வைத்திருந்தவர்கள். வண்டிகளுக்கு இடையே சிறு பீரங்கிகள். மோதி மோதிக் குதிரைகள் களைத்த பிறகு உள்ளேயிருந்து பாய்ந்து தாக்குவார்கள். அவர்களுடைய 'ஹௌஃப்னிட்சே' என்ற பீரங்கியின் பெயர்தான் ஜெர்மன் வழியாகச் சுற்றி வந்து நாம் சொல்லும் 'ஹௌவிட்சர்' ஆனது.

வண்டியைக் கற்றுத்தந்தது ஆள்பலமும் குதிரையும் இல்லாத நிலைமை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனத்த குதிரைகள் நேராகப் பாய்ந்து வரும்போது, நேற்றுவரை ஏர் பிடித்தவன் அசையாமல் நின்று, துப்பாக்கியில் வெடிமருந்து கிட்டித்து, நெருங்கும்வரை காத்திருந்து சுட வேண்டும். அந்த உறுதியை நிலைமை தந்துவிடாது. 1423-ல் ஜிஷ்கா பெயரில் வந்த படை விதிகளை வாசியுங்கள். புறப்படும் முன் மண்டியிட்டு ஜெபம். கொள்ளைப்பொருள் பொதுவில் சேர்த்துப் பங்கிடப்பட வேண்டும். விதியை மீறினால் பிரபுவுக்கும் விவசாயிக்கும் ஒரே தண்டனை. கிண்ணத்துக்கு முன் எல்லாரும் சமம் என்ற நம்பிக்கை அங்கே ராணுவச் சட்டமாகவே மாறுகிறது. புதிய ஆயுதமும் படைமுறையும் அரசுகளையே மாற்றின என்னும் 'ராணுவப் புரட்சி' கருத்தை 1955-ல் முன்வைத்த மைக்கேல் ராபர்ட்ஸ் அதை 1560–1660 என்ற காலத்துக்குள் வைத்தார். அந்த எல்லை என் மனதுக்கு ஒப்பவில்லை. காரணம் இந்த வண்டிகள்தான்.

இதன் மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள், போரும் மதத்தை மாற்றியது. ஹுஸ் வழியினரின் தீவிரப் பிரிவினர் 1420-ல் தாபோர் நகரில் குடியேறினார்கள். அவர்கள் சொத்தைப் பொதுத் தொட்டிகளில் கொட்டினார்கள், இனி யாரும் யாருக்கும் குத்தகை தர வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் விவசாயிகளிடம் அவர்களே குத்தகை வசூலித்தார்கள், படைக்குச் சோறு வேண்டுமே. எரிக்கப்பட்டவரின் பெயரால் எழுந்த அதே கூட்டம் 1421-ல் தங்களுக்குள் இருந்த, தங்களைவிடவும் தீவிரமான குழுக்களைப் பிடித்து எரித்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ஜிஷ்கா கடைசியில் இரண்டு கண்ணும் இழந்து, அப்படியே படை நடத்தி, 1424-ல் நோயில் இறந்தார். அவருடைய வீரர்கள் தங்களை 'அனாதைகள்' என்று அழைத்துக்கொண்டார்கள். 1431 ஆகஸ்டில் டோமஜ்லீட்சே என்ற ஊரில் ஒரு பெரும் சிலுவைப்படை, செக் படையின் வண்டிச் சத்தமும் பாட்டும் கேட்டே கலைந்து ஓடியதாகச் சொல்வார்கள். பிறகுதான் திருச்சபை பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. வண்டிக்கோட்டையை உடைத்தது அந்நியரும் அல்ல. 1434 மே 30, லிபானி என்ற ஊர். கிண்ணம் கிடைத்தால் போதும் என்ற மிதவாதிகள் கத்தோலிக்கர்களோடு சேர்ந்து, தோற்று ஓடுவதுபோல் நடித்து, தீவிரப் பிரிவினரை வண்டிக்கு வெளியே வரவழைத்து அழித்தார்கள். 1436-ல் திருச்சபையோடு ஒப்பந்தம் வந்தது, கிண்ணமும் கிடைத்தது.

1618 மே மாதம் பிராக் கோட்டை ஜன்னலிலிருந்து அரச பிரதிநிதிகளைத் தூக்கி எறிந்ததைத்தானே முதல் அத்தியாயமாக வைத்திருப்பீர்கள்? 1419 ஜூலை 30-ல் அதே நகரத்தில், ஹுஸ் வழியினர் நகர்மன்ற உறுப்பினர்களை இப்படித்தான் ஜன்னல் வழியே எறிந்தார்கள். அங்கிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், வாசித்துவிட்டு எழுதுகிறேன்.