60 தாண்டியபிறகு உடற்பயிற்சி செய்தால் மன அழுத்தத்தைத் தாங்க முடியுமா?

நன்றாக முடியும். "இந்த வயதில் அம்மா பேசாமல் ஓய்வெடுக்கலாமே" என்று கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அவர் நடக்கப் போவதை வீட்டில் தடுக்கிறீர்கள் போலிருக்கிறது. தயவுசெய்து தடுக்காதீர்கள்.

எனக்கு 66 வயது, ஊர் மட்டக்களப்பு கல்லடி. ஓய்வுபெற்றதிலிருந்து காலையில் கடற்கரைப் பக்கம் வேகநடை. வீட்டுக்கு வந்து கதிரையில் கை ஊன்றாமல் இருந்து எழும்புவேன். போன வருடம் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். வாட்டு மேல்மாடியில், லிப்ட் பழுது. மருந்து வாங்க, ரிப்போர்ட் எடுக்க என்று நாள் முழுக்கப் படி ஏறி இறங்கினேன். சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. வாங்கில் இருந்து மூச்சு விட்டேன், அடங்கிவிட்டது. படிவத்தை முழுக்க வாசித்து, டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் கையெழுத்து வைத்தேன். கூட வந்த தங்கை என்னைவிட இளையவள். பிரசர் ஏறி அவளையும் படுக்க வைத்தார்கள். அவளைக் குறை சொல்லவில்லை, பாவம், நடை ஒன்றும் இல்லாமல் கடையே கதி என்று இருப்பவள்.

வேகமாக நடக்கும்போது இதயத்துடிப்பும் அட்ரினலினும் ஏறி, நின்றதும் இறங்குகின்றன. அப்படி ஏறி இறங்கிப் பழகிய உடம்பு, உண்மையான அதிர்ச்சியிலும் சீக்கிரம் தணியும். வயது போகப் போக கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறினால் இறங்கச் சுணங்கும், தசையும் கரையும். அதனால் இளையவர்களைவிட நமக்குத்தான் இது கூடத் தேவை. உலக சுகாதார நிறுவனமும் 65 தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான பயிற்சி, 2 நாள் தசைக்கு, 3 நாள் சமநிலைக்கு என்றுதான் சொல்கிறது.

"அது உங்கள் மனத் தைரியம், நடையால் வந்ததில்லை" என்று யாராவது எழுதுவீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் இரைந்தாலே தூக்கமில்லாமல் கிடந்தவள் நான், தைரியசாலி இல்லை. குளிசையை நிறுத்தச் சொல்வதாகவும் எடுக்க வேண்டாம், நானும் பிரசருக்குப் போடுகிறேன்.

இங்கே நடக்கப் போகும்போது எனக்கு மனக்கஷ்டம் தருவது வேறு. இரவில் குடித்துவிட்டுப் போத்தலை மணலில் உடைத்துப் போட்டுப் போகிறார்கள். போதாததற்குத் தெருநாய்கள், கையில் தடியில்லாமல் போக முடியாது. "என்னகா, இந்த வயசில சப்பாத்துப் போட்டுக்கிட்டு எங்க?" என்று கேட்பவர்கள் அந்தப் போத்தல்காரரை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அம்மாவுக்கு முதலில் நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். நெஞ்சுவருத்தமோ சீனி வருத்தமோ இருந்தால் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.