‘வேண்டாம்’ என்றால் தட்டு திரும்பிப் போய்விடும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 22 வயது. உயர்தரம் முடித்துவிட்டு ஜேர்மன் படித்து, கொழும்பில் ஏ1 என்ற தொடக்க நிலைச் சோதனையும் பாஸ் பண்ணிவிட்டேன். ஓ-பேராக, அதாவது பிள்ளைகளைப் பார்த்துச் சின்னச் சின்ன வீட்டு வேலைகளுக்கு உதவுபவராக, ஒரு வருடம் ஜேர்மன் குடும்பத்தோடு தங்கி மொழியைத் தேற்றிக்கொண்டு, பிறகு அங்கே படிக்க விண்ணப்பிக்கலாம் என்பது என் எண்ணம். இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் வீடியோவில் கதைத்து விருப்பமும் சொல்லிவிட்டது. அம்மாதான், “சின்னம்மா குவைத்துக்குப் போன மாதிரி நீயும் வீட்டு வேலைக்கா போகப்போகிறாய்?” என்று அழுகிறார். போவதென்றால் டோர்ட்முண்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கே ஓ-பேராகப் போகட்டுமாம். நான் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், உப்புவெளி

பதில்: அம்மாவைக் குறை சொல்லமாட்டேன், தங்கச்சி. பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்த கதை, மாதக்கணக்கில் சம்பளம் வராத கதை என்று வளைகுடாவுக்குப் போனவர்களின் கதைகளைக் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது. “அது வேறு, இது வேறு” என்று ஒரு வரியில் சொன்னால் அவருக்கு மனம் ஆறாது. கணக்கோடு சொல்லுங்கள்.

ஓ-பேருக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதுதான் உச்சம். பிள்ளைகளைப் பார்ப்பதும் சில்லறை வீட்டு வேலையும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும். தனி அறை, சாப்பாடு, காப்புறுதி எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு 70 யூரோ. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, வருடத்தில் நான்கு வார விடுமுறை. பாஸ்போர்ட் உங்கள் பையிலேயே இருக்கும். விமான டிக்கெட் மட்டும் பொதுவாக நம் செலவு. இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் விசாவே கிடையாது. அந்த ஒப்பந்தத்தை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். இலட்சக் கணக்கில் காசு கேட்கும் ஏஜென்ட் யாராவது நடுவில் வந்தால், வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வாருங்கள்.

பெரியம்மா வீட்டுக்கு ஓ-பேராகப் போக முடியாது. உறவினர் வீட்டுக்குச் சட்டமே இடம் தராது. வீட்டில் ஜேர்மன் பேசவேண்டும் என்பதும் விதி. தமிழில் கதைத்து, புட்டும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நீங்கள் எந்த ஜேர்மனைத் தேற்றுவது?

விதிகள் கடதாசியில் வடிவாகத்தான் இருக்கும். அவற்றை வீட்டுக்குள் நடக்க வைப்பது உங்கள் வாய். இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

2011இல் நானும் மூன்ஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் ஓ-பேராக இருந்தேன். முதல் இரவுச் சாப்பாடு பாண், சீஸ், வெள்ளரித் துண்டு. அடுப்பே மூட்டவில்லை. அங்கே பல வீடுகளில் இரவில் அப்படித்தான்; அந்தச் சாப்பாட்டின் பெயரே ‘மாலைப் பாண்’. ஒரு துண்டு சாப்பிட்டேன். இன்னொன்று வேண்டுமா என்று அந்த அம்மா கூடையை நீட்டினார். “நைன், டாங்கெ” என்றேன். நம் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது ஒரு மரியாதை. வீட்டுக்காரர் இன்னும் இரண்டு தடவை வற்புறுத்துவார், நாமும் சரி என்போம். அவரோ தலையாட்டிவிட்டுக் கூடையைக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றிரவு அம்மா கட்டித் தந்த முறுக்கைப் போர்வைக்குள் வைத்து, கடிக்கும் சத்தம் வெளியே கேட்காமல் வாயில் ஊறவைத்துச் சாப்பிட்டேன்.

அது பசியோடு போனது. மூன்றாம் மாதம் வந்தது சேட்டுப் பிரச்சினை. பிள்ளைகளின் உடுப்போடு ஐயாவின் சேட்டும் அயன் பண்ணும் கூடைக்குள் வரத் தொடங்கியது. முதலில் இரண்டு, பிறகு ஐந்து, ஒரு வாரம் ஒன்பது. ஐந்து வாரம் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு ஃபோன் எடுத்து அழுதேன். “பொறுத்துக்கொள் பிள்ளை” என்றார் அம்மா. மொழி வகுப்பு ஆசிரியைதான், “அவர்களிடம் சொன்னாயா?” என்று கேட்டார். சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்!

சொல்லவேண்டிய இரண்டு வசனத்தைக் கொப்பியில் எழுதி, சைக்கிள் ஓட்டும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து, ஒரு சனிக்கிழமை காலை சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்துவந்து, குசினி மேசையில் இருந்து, பென்சிலால் நாள் நாளாகக் கூட்டினார். 34 மணி நேரம் வந்தது. “இதை ஏன் முதலே சொல்லவில்லை?” என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஐயா தன் சேட்டைத் தானே அயன் பண்ணினார், கொஞ்சம் கோணலாக. நம் வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் மூன்று நாள் முகம் கொடுக்கமாட்டோம். அங்கே அன்று பின்னேரமே கேக் வெட்டிக் கோப்பி ஊற்றித் தந்தார்கள்.

எல்லாக் குடும்பமும் இப்படி என்று சொல்லமாட்டேன். என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளைக்குப் பேசியும் சரிவரவில்லை; இடையில் வேறு குடும்பத்துக்கு மாறினாள். மாறலாம், அதற்கு வழியிருக்கிறது. இதையும் அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

பெரியம்மாவிடம் ஓய்வு நாளில் போய்வாருங்கள். டோர்ட்முண்டிலிருந்து ஹம் நகரம் கிட்ட. 2002இல் கும்பாபிஷேகம் நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அங்கே தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரத்தோடு நிற்கிறது. ஆலைக் கட்டடங்களைக் கடந்து போய் அந்தக் கோபுரத்தை முதன்முதல் கண்டபோது எனக்கு நம் திருகோணமலைப் பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் நிற்பது போல இருந்தது.

கேள்வி: மகனுக்கு ஜேர்மன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துள்ளது. ஒரு ஜேர்மன் குடும்பத்தின் வீட்டில் அறை எடுத்துத் தங்கப்போகிறார். விசாவுக்கு எவ்வளவு காசு காட்டவேண்டும்?
– ஒரு தகப்பன், உவர்மலை

பதில்: மாதம் 992 யூரோப்படி வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும், ஐயா. 2024 செப்டெம்பரில் கூட்டிய தொகை இது. அந்தக் காசை மாதா மாதம்தான் எடுக்கலாம். வருடத்தில் 140 முழு நாள் வேலை செய்யவும் அனுமதி உண்டு, ஆனால் அதை நம்பி விமானம் ஏறவேண்டாம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியவேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரம் தேவை. அதைத் தருவார்களா என்று இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: போகும் வீட்டுக்கு என்ன கொண்டுபோகலாம்?
– நிலாவெளி வாசகி

பதில்: இறைச்சியும் பால் பொருளும் சுங்கத்தில் விடமாட்டார்கள், நெய்ப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கருவாட்டுக்குச் சட்டத்தில் தடையில்லை, அது பொரியும் மணத்துக்கு அந்த வீட்டில் தடை வரும். நான் தேயிலையும் நான்கு பனங்கட்டிக் குட்டானும் கொண்டுபோனேன். பனங்கட்டியை அந்த அம்மா அப்பிள் கேக்குக்குள் துருவிப் போட்டார். வெறும் குட்டான்களுக்குள் பிள்ளைகள் லெகோத் துண்டுகளைப் போட்டு வைத்தார்கள்.