அக்னி நட்சத்திரத்தில் என்ன பூத்திருக்கிறது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருச்சியில் இருக்கிறேன். வாசலிலும் மொட்டை மாடியிலுமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் செடி வளர்க்கும் பெண்கள் காலையில் பால் வாங்கும் நேரத்தில், “உங்க வீட்டுல இன்னைக்கு என்ன பூத்திருக்கு?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். தையிலும் மாசியிலும் சொல்ல நிறைய இருந்தது. பெட்டூனியா, டேலியா, சாமந்தி என்று அடுக்கினோம். சித்திரை பிறந்ததிலிருந்து அந்தப் பேச்சே குறைந்துவிட்டது. பெட்டூனியா கருகிவிட்டது. ரோஜா மிகச் சிறிதாகப் பூத்து மறுநாளே ஓரம் காய்கிறது. குண்டுமல்லி இலை மட்டும் விடுகிறது. மிச்சம் இருப்பது நந்தியாவட்டை, அரளி, டேபிள் ரோஸ் என்று எல்லார் வீட்டிலும் இருக்கிற பூக்கள்தான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஊட்டி மலர்க் கண்காட்சிப் படங்களைப் பார்த்தால் இன்னும் ஏக்கம். கோடை முழுக்கத் தோட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஆடியில் மறுபடி ஆரம்பிக்கலாமா? வைகாசியில் ஒரு வாரம் ஊருக்கு வேறு போக வேண்டும்.

ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிட வேண்டாம். கூச்சமும் வேண்டாம். உங்கள் பட்டியலின் கடைசியில் தயங்கித் தயங்கிச் சொன்னீர்களே, அந்த மூன்று செடிகளைப் பற்றித்தான் நான் நிறையப் பேச நினைக்கிறேன்.

முதலில் கருகியவற்றைப் பற்றி. பெட்டூனியா போனதற்கு உங்கள் கவனக்குறைவு காரணம் இல்லை. நம் சமவெளியில் அது பனிக்காலத்துச் செடி. கார்த்திகையில் நர்சரியிலிருந்து வாங்கி வந்தால் மாசி வரை பூக்கும், பங்குனி வெயிலில் அதன் ஆயுள் முடியும். டேலியாவின் பூர்வீகம் மெக்சிகோவின் மலைப்பகுதி. குளிர்ந்த இரவு இல்லாமல் அதற்கு ஆகாது. ஊட்டியில் 1848-ல் உருவாக்கத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்கா கடல் மட்டத்துக்கு மேல் 2,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. மே மாதத்திலும் அங்கே ஸ்வெட்டர் தேவைப்படும். அதே நாளில் திருச்சியில் 40 டிகிரி. அந்தப் பூக்களைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள், ஆனால் உங்கள் மாடியை அதனோடு ஒப்பிடாதீர்கள்.

உங்கள் ஊரின் பூக்காலம் எப்போது தொடங்குகிறது என்பது நீங்கள் அறியாததா? மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல். வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில்தான் கூடை கூடையாகப் பூ அம்மனுக்குப் போகிறது. நம் முன்னோர்களும் கோடையைப் பூவில்லாத காலமாக நினைக்கவில்லை. பாதிரி மரத்தின் பூவை வேனில் காலத்துப் பூவாகச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அந்த மரத்தின் பெயரைத் தாங்கி, அதையே தலமரமாகக் கொண்ட திருப்பாதிரிப்புலியூர் உங்களுக்கு வடகிழக்கே கடலூரில் இன்றும் இருக்கிறது. கோடையில் தோட்டத்துக்கு விடுமுறை என்ற எண்ணம் நமக்கு எப்படியோ வெளியிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது.

சரி, குண்டுமல்லிக்கு வருகிறேன். அது பூக்கவில்லை என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை வருத்தப்படுத்திய வரி. ஏனென்றால் இது அதன் காலம். மார்கழிப் பனியில் மல்லிகை அரும்பு கட்டுவது ஏறக்குறைய நின்றுவிடும். தை முகூர்த்தங்களில் மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ ஆயிரக்கணக்கில் போவதற்கு அதுதான் காரணம். பங்குனியில் வெயில் ஏறியதும் அரும்பு விடத் தொடங்கி, சித்திரையிலும் வைகாசியிலும் கொட்டோ கொட்டென்று கொட்டும். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கும் இதே கணக்குதான்.

மல்லிகை, புதிதாக வரும் துளிரின் நுனியில்தான் அரும்பு வைக்கும். பழைய கிளைகள் எவ்வளவு அடர்ந்திருந்தாலும் பயனில்லை. அதனால்தான் மல்லிகை விவசாயிகள் நவம்பர் கடைசியில் செடியை அரை மீட்டர் உயரத்துக்கு ஒட்டக் கவாத்து செய்துவிடுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் அந்த வெட்டிலிருந்து கிளம்பும் துளிர்தான் கோடைப் பூவைத் தருகிறது. நீங்கள் கவாத்து செய்யவில்லை என்றால் இப்போது அவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டாம். எல்லாக் கிளைகளின் நுனியையும் நான்கு விரல் அளவுக்குக் கிள்ளிவிட்டு, முற்றிய இலைகளை உருவிவிடுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பதில் சொல்லும். ஒவ்வொரு முறை பூத்து ஓய்ந்ததும் இதையே செய்யுங்கள்.

இலை மட்டும் விடுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று நிழல். அரை நாளாவது நேர் வெயில் படாத மல்லிகை பூக்காது. வெயில் சுடுமே என்று இரக்கப்பட்டு நிழல்வலைக்குள் வைத்திருந்தால் வெளியே எடுங்கள். மற்றது உரம். யூரியாவோ தழைச்சத்து மிகுந்த வேறு எதுவோ அளவுக்கு மீறிப் போனால் செடி பச்சைப் பசேலென்று இருக்கும், அரும்பு இருக்காது. கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து நன்றாகத் தண்ணீர் கலந்து எப்போதாவது ஊற்றினால் போதும். அரும்பு ஊதா நிறமாகி ஓட்டை விழுந்திருந்தால் அது மொட்டுப்புழு. அப்படிப்பட்டவற்றைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள், செடிக்கடியில் போடாதீர்கள்.

டேபிள் ரோஸ் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டீர்கள். எனக்கு அது கோடைத் தோட்டத்தின் ராணி. தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் மாடிகளில் குடியேறிவிட்டது. காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் உறைக்கும்போதுதான் முழுசாக விரியும். மேகம் மூடிய நாளில் முகம் காட்டாது. மற்றச் செடிகள் தலை தொங்கும் உச்சி வேளையில் இது மலர்ந்து நிற்பது எப்படி? தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது என்பது பாதி பதில். தண்ணீர் குறையும்போது பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்ளும் திறமையும் இந்த இனத்துச் செடிகளுக்கு உண்டு. பகலில் துளை திறந்தால் ஈரம் ஆவியாகிவிடும் அல்லவா, அதைத் தவிர்க்கும் வழி அது.

நாளை பத்து மணிக்கு ஒன்று செய்யுங்கள். விரிந்த டேபிள் ரோஸின் நடுவில் இருக்கும் மகரந்தத் தாள்களை ஈர்க்குச்சி நுனியால் மெல்லத் தொடுங்கள். அவை அசைந்து சாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். ஒற்றை அடுக்குப் பூவில் நன்றாகத் தெரியும். கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கவும் இதைவிட எளிய செடி இல்லை. விரல் நீளத் தண்டைக் கிள்ளி மண்ணில் செருகினால் வேர் பிடித்துவிடும்.

நந்தியாவட்டை, அரளி இரண்டும் கோயில் நந்தவனத்துச் செடிகள். யாரும் தண்ணீர் ஊற்ற மறந்தாலும் சாமிக்குப் பூ குறையக்கூடாது என்று தேர்ந்தெடுத்து வைத்தவை மாதிரி எனக்குத் தோன்றும். நந்தியாவட்டை பாதி நிழலிலும் பூக்கும், அதனால் கிழக்கு பார்த்த வாசலுக்கு நல்லது. அரளிக்கு முழு வெயில் வேண்டும். அதன் எல்லாப் பாகமும் விஷம் என்பதால் குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் காகிதப்பூ இல்லை என்று நினைக்கிறேன், இருந்தால் சொல்லியிருப்பீர்கள். ஒரு பெரிய தொட்டியில் வையுங்கள். ஈரம் ஓயாமல் இருந்தால் அது இலையாகவே தள்ளும். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றினால் நிறம் கொட்டும். தண்ணீர்த் தட்டுப்பாடு உள்ள கோடைக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது? இட்லிப்பூ, செம்பருத்தி, சங்குப்பூ மூன்றும் கோடை தாங்கும். செம்பருத்தியில் மட்டும் மாவுப்பூச்சி வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை கருகும்.

காலைப் பேச்சில் விட்டுப்போகிற பூக்களும் உண்டு. அந்திமந்தாரை நான்கு மணிக்கு மேல்தான் விரியும், பால் வாங்கும் நேரத்தில் அது சுருங்கத் தொடங்கியிருக்கும். மனோரஞ்சிதம் பச்சையாகப் பூத்து இலைக்குள் மறைந்துகொள்ளும், மஞ்சளாக மாறும்போதுதான் பழ வாசனை வீசித் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரம்ம கமலம் என்று நாம் வளர்க்கும் கள்ளி இனம் இரவு பத்து மணி வாக்கில் மலர்ந்து விடிவதற்குள் வாடிவிடும். யார் வீட்டிலாவது மொட்டு பெருத்திருந்தால் அன்று இரவு எல்லாரும் அங்கே கூடுங்கள்.

அப்புறம் கிழங்குச் செடிகள். ஃபுட்பால் லில்லி ஆண்டின் பெரும்பகுதி வெறும் மண்ணாகத்தான் தெரியும். காலி என்று நினைத்துத் தொட்டியைக் கொட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். மே மாதம், ஒரு கோடை மழை விழுந்ததும், இலைக்கு முன்னால் பூத்தண்டு மேலே வந்து சிவப்புப் பந்தாக விரியும். ஒரு வாரம் இருக்கும். மழை லில்லியும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரைத் தினமும் ஊற்றியும் பேசாமல் இருக்கும், ஒரு நல்ல மழை பெய்த சில நாட்களில் தொட்டி நிறையப் பூத்து நிற்கும். இந்த இரண்டுக்கும் முதல் பூ வந்த தேதியை வீட்டு நாள்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் தெருக்காரர்களோடு பேச நல்ல விஷயம் கிடைக்கும்.

தெருவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரக்கொன்றை இலை உதிர்த்துவிட்டு மஞ்சளாகத் தொங்குவது இப்போதுதான். மடகாஸ்கரிலிருந்து வந்த மேஃபிளவர் சிவந்து நிற்பதும் இப்போதுதான். புங்கமரத்தடியில் காலையில் பொரி இறைத்த மாதிரி பூ கிடக்கும். வேப்பம்பூவைத் துணி விரித்துச் சேகரித்து நிழலில் உலர்த்திக்கொண்டால் ஆண்டு முழுக்க ரசத்துக்கு ஆகும். நம் வீட்டுத் தொட்டியில் பூத்தால்தான் நம்முடையது என்று ஏன் நினைக்க வேண்டும்?

ரோஜாவை இப்போது வெட்டவும் வேண்டாம், தொட்டி மாற்றவும் வேண்டாம். பிற்பகல் நிழல் கிடைக்கும் பக்கத்துக்கு நகர்த்தி, உயிரோடு வைத்திருங்கள். ஐப்பசியில் கவாத்து செய்தால் பழைய அளவில் பூக்கும்.

மாடியில் செடியைக் கொல்வது பல நேரம் தரைச் சூடுதான். காங்கிரீட்டின் மேல் நேராக வைத்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்குள் வேர் வெந்துபோகும். அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள், தொட்டிகளை நெருக்கி வையுங்கள், மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ மூடாக்குப் போடுங்கள். தண்ணீரை விடியற்காலையில் ஊற்றுங்கள். பிற்பகலில் ரப்பர் குழாயைத் திறந்தால் முதலில் வருவது கொதிநீர், அதைக் கையில் பிடித்துப் பார்க்காமல் செடிக்கு விடாதீர்கள்.

ஊருக்குப் போகும் ஒரு வாரத்துக்கு: டேபிள் ரோஸும் காகிதப்பூவும் முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டால், பாதி நிழலில் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மல்லிகை, செம்பருத்தி, ரோஜாத் தொட்டிகளை வாசல் நிழலுக்கு இறக்கிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாவிடம் காலையில் ஒருவேளை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அதற்குள் குண்டுமல்லி அரும்பு விட்டிருந்தால், சாயங்காலம் நான்கு மணிக்குப் பெருத்த அரும்பாகப் பார்த்துப் பறித்து அவரையே தொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நுனி கிள்ளும் வேலையை மட்டும் நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்.