இரண்டு பனடோலில் அடங்கிய காய்ச்சல்

கேள்வி: மகனுக்கு 23 வயது. லுகேமியாவுக்கு (இரத்தப் புற்றுநோய்) மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் இரண்டாவது கீமோ முடிந்து 12 நாள். இப்போது ஹட்டன் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறான். வெண்குழியம் 900, சிறுதட்டு (பிளேட்லெட்) 22,000, ஹீமோகுளோபின் 8.4. ஏறவே இல்லை, நோய் திரும்பிவிட்டதா? நகம் கறுத்திருக்கிறது, வாய்க்கு ருசியில்லை. முந்தாநாள் இரவு நடுங்கி உடம்பு சுட்டது. பனிக்குளிர் என்று நினைத்து இரண்டு பனடோல் கொடுத்தேன், விடிய அடங்கிவிட்டது. பப்பாசி இலைச் சாறு கொடுக்கலாமா?

பதில்: அம்மா, போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நடுக்கத்தைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். இதைப் படித்து நான் போனில் சொன்னதும் அன்றிரவே ஆதார வைத்தியசாலையில் சேர்த்தீர்கள், நல்லது. மற்ற வீடுகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டில் நியூட்ரோபில், அதாவது கிருமியோடு முதலில் மோதும் வெண்குழியம், 20 வீதம். 900-இல் அது 180. 500-க்குக் கீழே போனால் கிருமியோடு சண்டை போட உடம்பில் ஆளில்லை. தொண்டை சிவக்காமல், சீழ் கட்டாமல் போகலாம், எக்ஸ்ரேகூட சுத்தமாக இருக்கலாம். பல வேளை காய்ச்சல் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியின் வாயைத்தான் பனடோல் அடைத்தது.

38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட் காட்டினால் சாமம் என்றாலும் த்ரீவீலரைக் கூப்பிடுங்கள். போர்வைக்குள்ளும் உடம்பு தூக்கிப்போட்டால் அளவு எதுவானாலும் புறப்படுங்கள். நம் மலைப்பனி அப்படி நடுக்காது. வெளிநோயாளர் வரிசையில் உட்கார வேண்டாம். "கீமோ எடுத்தவர், காய்ச்சல்" என்று சொல்லி கிளினிக் புத்தகத்தை நீட்டுங்கள். போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்த நாளம் வழியாக அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். கீமோ கொடுத்த வார்டுக்கும் அப்போதே ஒரு போன்.

சரி, நோய் திரும்பியதா? இரத்தக் கலங்களின் கணக்கு குறைந்திருப்பதை மட்டும் வைத்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. கீமோ எலும்பு மச்சையில் (இரத்தக் கலங்கள் உண்டாகும் இடம்) நல்ல கலங்களையும் சேர்த்துத்தான் துடைக்கிறது. பொதுவாக 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டம், பிறகு மூன்று நான்கு வாரத்தில் ஏற்றம். கடுமையான கீமோ என்றால் இன்னும் தாமதிக்கும். உங்கள் மகனின் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள் கவனிக்காத ஒரு வரி: மொனோசைட், இன்னொரு வகை வெண்குழியம், 31 வீதம். மச்சை விழிக்கும்போது பல வேளை மொனோசைட்தான் முன்னால் வரும், நியூட்ரோபில் பின்னால் வரும். ஏறிய கணக்கு மறுபடி விழுந்தாலோ, ஸ்மியரில் (கண்ணாடியில் இரத்தம் தடவிப் பார்ப்பது) பிளாஸ்ட் எனும் முதிராத கலம் தெரிந்தாலோ மச்சையை எடுத்துப் பார்ப்பார்கள். கணக்கை ஏற்ற ஊசி போட்டிருந்தால் ஸ்மியரில் இளங்கலங்கள் வரும். அதை நடுராத்திரியில் போனில் தேடிப் படித்துவிட்டு அழாதீர்கள்.

நகத்துக் கறுப்பு நகம் வளர வளரப் போய்விடும். ருசி வரும். 8.4-க்கு மூச்சு வாங்காதவரை பதற்றம் வேண்டாம், இரத்தம் ஏற்றுவதை வார்டு தீர்மானிக்கும்.

பப்பாசி இலை வேண்டவே வேண்டாம். மச்சை வேலையை நிறுத்தியிருக்கும்போது எந்த இலை சிறுதட்டு செய்யும்? பச்சைச் சாறோடு கிருமிதான் உள்ளே போகும். சிறுதட்டு 22,000-இல் இரத்தம் எளிதில் கசியும், அதனால் அஸ்பிரின், புரூபன், டைக்ளோஃபெனாக் மூன்றும் ஆகாது, தோட்டத்து டிஸ்பென்சரியில் தசையில் ஊசியும் போட விடாதீர்கள்.

தினம் தினம் இரத்தம் எடுக்கத் தேவையில்லை, வார்டு சொன்ன நாட்களில் முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். அடுத்த சுற்றுக்கு முன் ஹட்டன் டவுனில் ஒரு டிஜிட்டல் தேர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அக்குளில் வைத்துப் பாருங்கள், ஆசனவாயில் வைக்கக் கூடாது. பார்த்துவிட்டு வார்டுக்குச் சொன்ன பிறகுதான் பனடோல்.