ஷூட்டிங் போனது 64 நாள், பேட்டா வந்தது 40 நாளுக்கு: கடன் வாங்கி யூனியன் கார்டு எடுக்கலாமா?

கேள்வி: சார், எனக்கு வயது 22. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். சென்னையில் மேக்கப் கோர்ஸ் படித்துக்கொண்டே, ஒரு சீனியர் மேக்கப் அக்காவிடம் அசிஸ்டென்டாக சினிமா ஷூட்டிங்குக்குப் போகிறேன். ஒரு நாளைக்கு 800 ரூபாய் பேட்டா பேசியிருக்கிறார்கள். ஆறு மாதத்தில் 64 நாள் போனேன். வந்தது 32,000 ரூபாய். 24 நாள் பாக்கி. முகூர்த்த நாட்களில் கல்யாண மேக்கப்புக்கு உதவியாகப் போனால் 2,500 கிடைக்கும், அது மாதம் மூன்று நாள் வரும். விளம்பரப் படங்களில் போன வருடம் 60,000 சம்பாதித்தேன், அதில் 6,000 வரி பிடித்துவிட்டார்கள். மேக்கப் கிட் வாங்கியதில் கிரெடிட் கார்டில் 58,000 நிற்கிறது. மாதாமாதம் மினிமம் மட்டும் கட்டுகிறேன். இப்போது ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் யூனியன் கார்டு (சினிமா மேக்கப் சங்க உறுப்பினர் அட்டை) வாங்கித் தருகிறேன் என்கிறார். பர்சனல் லோன் எடுக்கட்டுமா? தோழி ஒருத்தி மாதம் 2,000 எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாத முதலீடு) போடச் சொல்கிறாள். எது முதலில்?
- வாசகி, வளசரவாக்கம்

பதில்: லோன், எஸ்ஐபி இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். ஷூட்டிங்கில் உங்களுக்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது? உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, அதிலிருந்து தொடங்குகிறேன்.

காலை ஏழு மணி கால்ஷீட் என்றால் மேக்கப் ஆட்கள் நாலரை, ஐந்துக்கே அங்கே இருக்க வேண்டும். அந்நேரத்துக்கு பஸ் கிடைப்பது கஷ்டம். பூந்தமல்லி தாண்டி செட் போட்டிருந்தால் ஆட்டோவுக்கு 250 ரூபாயாவது போகும். டிஷ்யூ, பஞ்சு, ஸ்பாஞ்ச், உங்கள் பெட்டியிலிருந்து கரையும் பவுடர், ஃபவுண்டேஷன் என்று நாளைக்கு 150 வையுங்கள். சாப்பாடு புரொடக்‌ஷன் போட்டுவிடும், அது மிச்சம். ஆக ஒரு ஷூட்டிங் நாளுக்கு உங்கள் கைச்செலவு 400. 64 நாளுக்கு 25,600. வந்தது 32,000. மிச்சம் 6,400 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு நூறு ரூபாய்க்கு, விடியற்காலை எழுந்து பேக்-அப் (அன்றைய ஷூட்டிங் முடிவு) வரை நின்றிருக்கிறீர்கள்.

இனி கிரெடிட் கார்டுக்கு வருவோம். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்தால் 58,000 ரூபாய்க்கு 2,030 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு, 365 ரூபாய். நீங்கள் மினிமம் என்று 5 சதவீதம், அதாவது 2,900 கட்டினால், அசலில் குறைவது 505 ரூபாய்தான். ஆறு மாதத்தில் வட்டியும் ஜிஎஸ்டியுமாக 14,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். ஷூட்டிங்கில் மிஞ்சியதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்! கோடிகளில் படம் எடுக்கும் ஒரு தயாரிப்பாளருக்கு உங்கள் உழைப்பையும் பொருளையும் வட்டியில்லாமல் கடன் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டையை அடைக்க வருடத்துக்கு 42 சதவீத வட்டியில் நீங்கள் கடன் வாங்கியிருக்கிறீர்கள்.

அதற்காக ஷூட்டிங்குக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒட்டுத் தாடி வெயிலில் கழன்று வந்தால் என்ன செய்வது, மூன்று வாரம் கழித்து எடுக்கும் தொடர்ச்சிக் காட்சிக்கு நெற்றிக் காயத்தை அதே அளவில் எப்படி வைப்பது என்பதெல்லாம் அகாடமி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கற்கிற விஷயமில்லை. புதிதாக ஒன்றைக் கற்கும் நாளுக்குப் பேட்டா தாமதமானாலும் போகலாம். ஆனால் ஐம்பது துணை நடிகர்களுக்கு வரிசையாக டச்-அப் போடும் நாள் படிப்பில்லை, கூலி வேலை. இரண்டையும் ஒரே நோட்டில் தனித்தனிப் பக்கமாக எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினாலே எது எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பாக்கி 19,200 யாரிடம் இருக்கிறது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் வவுச்சரில் உங்களிடமே கையெழுத்து வாங்கினாரா, அல்லது அக்கா மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறாரா? இரண்டாவது என்றால் உங்களுக்குக் கடன்பட்டவர் அக்காதான். அவருக்கே வரவில்லையா, வந்தும் தரவில்லையா என்பதை மரியாதையாகக் கேட்டுவிடலாம். இனிமேல் ஒவ்வொரு நாள் பேக்-அப் ஆனதும் ஒரு வாட்ஸ்அப் தட்டுங்கள்: "அக்கா, இன்னைக்கு காலை அஞ்சு மணில இருந்து ராத்திரி ஏழு வரைக்கும், இதோட என் பாக்கி 25 நாள்." சண்டை போடுகிற தொனியே வேண்டாம். தேதி போட்ட சாட்சி ஒன்று இருந்தால் போதும். பாக்கி பத்து நாளைத் தொட்டால் அந்தப் படத்துக்குப் போவதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டை நீங்கள் என்றோ தாண்டிவிட்டீர்கள். அக்கா கோபித்துக்கொள்வார் என்ற பயம் புரிகிறது. கல்யாண சீசனில் அவருக்கும் கை வேண்டியிருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

மெட்டீரியல் விஷயமும் உண்டு. மேக்கப் பொருளுக்கான பணத்தைப் பெரும்பாலும் புரொடக்‌ஷன் மேக்கப் துறைத் தலைவரிடம்தான் தருகிறது. அசிஸ்டென்ட் தன் கிட்டைத் திறந்து துணை நடிகர்களுக்குப் பூச வேண்டிய அவசியமில்லை. பிரஷ் உங்களுடையது, பொருள் அவர்களுடையது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். டப்பாவின் பின்பக்கம் மூடி திறந்த ஜாடி போல ஒரு படமும் 6எம், 12எம் என்ற எழுத்தும் இருக்குமே, திறந்த பிறகு அத்தனை மாதம்தான் ஆயுள். மஸ்காரா மூன்று மாதம்கூட நல்லபடி தாங்குவது கஷ்டம். 58,000 ரூபாய் கிட்டில் பிரஷ், பெட்டி, கலக்கும் தட்டு தவிர மற்றதெல்லாம் கெட்டுப்போகிற சரக்கு, காய்கறிக் கடை மாதிரி. கிரயோலான் ஃபவுண்டேஷன் ஸ்டிக் எல்லா ஷேடும் வரிசையாக இருந்தால் பார்க்க அழகுதான். வேலை வந்த பிறகு வேண்டிய ஷேடை மட்டும் வாங்குங்கள்.

கார்டுக் கடனை அடைக்க, கழுத்தில் சங்கிலி ஏதாவது இருந்தால் (அம்மாவின் நகை வேண்டாம், உங்களுடையது) வங்கியில் வைத்து 58,000 எடுத்து ஒரே தடவையில் கட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒன்பதரை சதவீதம் என்றால் மாத வட்டி 460 ரூபாய்க்குள் முடியும். ஷூட்டிங்கில் எப்படியும் கழற்றித்தானே வைக்கிறீர்கள்! அடகுக்கடைக்குப் போக வேண்டாம், மாத வட்டிக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். நகை இல்லையென்றால் கார்டு கொடுத்த வங்கியிடமே நிலுவையை இஎம்ஐ ஆக மாற்றச் சொல்லுங்கள். வட்டி பாதிக்கும் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. எதைச் செய்தாலும், கடன் தீரும் வரை அந்தக் கார்டில் ஒரு லிப்ஸ்டிக்கூட வாங்கக் கூடாது. பழைய நிலுவை இருக்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

யூனியன் கார்டு வேண்டியதுதான். பாக்கி வராதபோது கேட்க ஒரு ஆள் பலம் அதில்தான் இருக்கிறது. ஆனால் அது சங்க அலுவலகத்தில், விண்ணப்பம் கொடுத்து, ரசீது வாங்கிப் பெறுகிற விஷயம். "வாங்கித் தருகிறேன்" என்று டீக்கடையில் பேசுகிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஒன்றரை லட்சம் பர்சனல் லோன் 18 சதவீதத்தில் மூன்று வருடம் என்றால் மாதம் 5,420 ரூபாய்க்கு மேல் இஎம்ஐ; ஷூட்டிங்கில் உங்கள் கைக்கு வரும் மாத சராசரியே 5,333. நேராக அலுவலகத்துக்குப் போய்த் தகுதி என்ன, எத்தனை படம் வேலை பார்த்திருக்க வேண்டும், கட்டணம் தவணையில் உண்டா என்று கேளுங்கள். பெண் என்பதால் ஹேர் டிரெஸ்ஸர் கார்டுதான், மேக்கப் கார்டு கிடையாது என்று யாராவது சொன்னால் அது செல்லாது. மும்பைச் சங்கம் அப்படி மறுத்ததை எதிர்த்து மேக்கப் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. அதுவரை பல பெண்கள் கேரவனுக்குள் ஒளிந்து மேக்கப் போட்டார்கள்.

வரியாகப் பிடித்த 6,000 ரூபாய் உங்கள் பணம்தான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே இல்லை. உங்கள் மொத்த வருமானம் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. உங்கள் பான் எண்ணில் அந்த நிறுவனம் வரியைச் செலுத்தியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பார்த்துவிட்டு, கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். கிட் பில்களையும் பத்திரப்படுத்துங்கள். (ஒரு வேடிக்கை: பழைய 1962 வருமான வரி விதிகளில் திரைக் கலைஞர் பட்டியலில் நடிகர், எடிட்டர், பாடலாசிரியர், ஆடை வடிவமைப்பாளர் வரை இருந்தார்கள். மேக்கப் போடுகிறவர் இல்லை.)

எஸ்ஐபி, கடன் முடிந்த பிறகு. அதற்கும் முன்னால் மூன்று மாத ஹாஸ்டல் வாடகை சேமிப்புக் கணக்கில் தனியாக இருக்கட்டும். 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் ஸ்டிரைக்கில் ஒரு மாதத்துக்கு மேல் ஷூட்டிங் நின்றது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற சினிமா ஷூட்டிங்குக்கு செப்டம்பரில்தான் அனுமதி கிடைத்தது. இவ்வளவு பெரிய விஷயம் நடக்காவிட்டாலும் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மேக்கப் இருக்காது. தையிலும் ஆவணியிலும் வருகிற ஒவ்வொரு 2,500-லிருந்தும் ஆயிரத்தை அந்தக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

இருட்டில் ஆட்டோவில் போய் வருகிற ஆள் நீங்கள். பிரதமரின் விபத்துக் காப்பீடு வருடத்துக்கு 20 ரூபாய், இரண்டு லட்சம் கவர். உங்கள் வங்கி ஆப்பிலேயே இருக்கும். இதைப் படித்த கையோடு போட்டுவிடுங்கள்.