ஆய்வகச் சுவரில் கேபிள் துளை: சிலிக்கான் அடைத்தால் போதுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் நெட்வொர்க் வயரிங் ஒப்பந்த வேலை செய்கிறேன். ஓசூர்ப் பக்கம் கட்டப்படும் மூன்றாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகத்தில் (காற்றில் பரவும் ஆபத்தான கிருமிகளைக் கையாளும் இடம்) வேலை கிடைத்துள்ளது. சுவரில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, சுற்றிலும் சிலிக்கான் பசையை அடைத்தால் போதும் என்கிறார் வேலையைப் பிடித்துத் தந்தவர். போதுமா?

பதில்: போதாது. சிலிக்கான் குழாயின் வெளிப்புறத்தை அடைக்கிறது. உட்புறம் திறந்தே கிடக்கிறது. அதையும் அடைத்தாலும் கேபிளின் உறைக்குள், முறுக்கிய கம்பிகளுக்கு இடையே காற்று நகரும். அந்த அறையின் அழுத்தம் வெளியைவிடக் குறைவு, ஆகவே கசிந்தாலும் காற்று உள்ளேதானே போகும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், கிருமிநீக்கத்துக்காகக் காற்றோட்டத்தை நிறுத்தி, ஃபார்மால்டிஹைடு வாயுவையோ ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியையோ நிரப்பும் நாளில் அந்தப் பாதுகாப்பு இருக்காது. நச்சு உங்கள் குழாய் வழியே ஃபால்ஸ் சீலிங்குக்கு ஏறி, அடுத்த அறையில் இருப்பவரின் கண்ணையும் மூச்சையும் தாக்கும்.

எனவே சுவரைக் கடக்கும் இடத்தில் பெட்டி ஒன்றைப் பொருத்தி, அதற்குள் கேபிளின் வெளியுறையைச் சிறிது நீளம் உரித்து, முறுக்கைக் கலைக்காமல் எபாக்சி ஊற்றி இறுகவிட வேண்டும். கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் கருவியை ஆய்வகத்துக்கு வெளியே வையுங்கள். உள்ளே போன பொருள் கிருமிநீக்கம் செய்யப்படாமல் வெளியே வராது.

இரண்டாம் நிலை ஆய்வகத்துக்கு இந்தக் கண்டிப்பு இல்லை. நீங்கள் இதுவரை செய்துகொடுத்த மருத்துவமனை ஆய்வகங்கள் அந்த நிலையைச் சேர்ந்தவையாக இருந்திருந்தால், அங்கே சிலிக்கானோடு வேலை முடிந்திருக்கும், எவரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார். அந்த அனுபவத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஒரே வளாகத்தில் இரு நிலைகளும் இருந்தால், எந்தச் சுவர் எந்த நிலையுடையது என்பதை வரைபடத்தில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த இடைத்தரகர் கேபிளையும் தானே தருவதாகச் சொன்னால் எச்சரிக்கை. செம்புப் பூச்சிட்ட அலுமினியக் கம்பி, செம்பு என்ற பெயரில் தாராளமாக விற்கப்படுகிறது. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் கேபிள் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். எபாக்சிக்குள் புதைத்த கேபிளைப் பிறகு மாற்ற முடியாது.

சுவருக்கு வண்ணம் பூசிய பிறகே நெட்வொர்க் ஆளை அழைப்பதும், குறைந்த விலை கேட்டவருக்கே வேலையைக் கொடுப்பதும் நம் ஊர் ஒப்பந்த முறையின் பழைய நோய். பிறகு ஒரே ஒரு கேபிளைச் சேர்ப்பதற்கு ஆய்வகத்தையே நிறுத்தி, புகையூட்டி, துளையிட்டு, கசிவுச் சோதனையை மறுபடி செய்வார்கள். அதனால் தேவைக்கு இரு மடங்கு கேபிளை இப்போதே இழுத்து முனைகளை மூடிவையுங்கள். கூடுதல் செலவை மறுத்தால், மறுப்பை உயிரிப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.